கல்யாண சீனில் கேட்ட பேச்சு

சிம்மக்கல், மதுரை
9.6.1997

ராதாமணிக்கு ராமமூர்த்தி எழுதியது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் நான் கேட்பதற்குப் பதில் வேண்டும்.

நேற்று நானும் உன் அண்ணியும் ரம்யாஸ்ரீயும் சினிமாவுக்குப் போனோம். எனக்குச் சினிமா ஆகாது என்பது உனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள், வரமாட்டேன் என்றால் மரியாதையாக இருக்காது. ரம்யாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்திருப்பதை உன் அண்ணி எழுதியிருப்பாள். மாப்பிள்ளை பெயர் ரவிசங்கர், திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. படம் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றியது. வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் வருகிறது. நான் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கல்யாண சீன் வந்தது. மேளம் நிற்கிறது. கதாநாயகன் மண்டப வாசலில் வந்து நிற்கிறான். கூட்டம் கசமுசவென்று பேசுகிறது. அந்தக் கசமுசாவில் நம் வீட்டுப் பேச்சு! தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, நாம் வீட்டுக்குள் பேசுகிற சௌராஷ்டிரம். தியேட்டரில் பாதிப் பேர் நம்மவர்கள்தான். எல்லோரும் ஒரு கணம் திகைத்துவிட்டு, அப்புறம் விசிலும் சிரிப்புமாகக் கிளம்பிவிட்டார்கள். அது யார் குரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரம்யா சீட்டை விட்டு எழுந்து, "அத்தை! அத்தை குரல்!" என்று கத்தினாள்.

நீ பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன். நம் பேச்சை எழுத நமக்கு எங்கே கை வருகிறது? "இந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். பெண்ணுக்குத்தான் தெரியாது. அண்ணன்காரன் மூஞ்சியைப் பார், அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் தாரை வார்க்கிறான்."

சரிதானே? ஒரு வார்த்தை விடவில்லையே?

சம்பந்தியம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்க தங்கச்சியா?" என்றார். "தெரியலைங்க, அது மாதிரி இருக்கு" என்றேன். கூடப் பிறந்தவளின் குரலைத் தெரியவில்லை என்று சொல்லும்படி என்னை வைத்துவிட்டாய்.

இப்போது கேட்கிறேன். யாரை நினைத்துக்கொண்டு அதைப் பேசினாய்? அப்படிப் பேசச் சொன்னது யார்? உன்னிடம் யார் வந்து என்ன சொன்னார்கள்? மறுதபாலில் பதில் எழுது. இந்தச் சிம்மக்கல் கடைக்குப் போன் பண்ணாதே. சாயம் வாங்க வருகிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

ராமமூர்த்தி


சாலிகிராமம், சென்னை
14.6.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் இன்னொரு தடவை படித்தேன், சிரிப்பு வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்பது மாதிரியல்லவா கேட்டிருக்கிறீர்கள்?

நான் சென்னைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. என்ன வேலை பார்க்கிறாய் என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன். மதுரை ரேடியோவில் நெல்லுக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று வாசித்துக்கொண்டிருந்தவள் இங்கே வந்ததும் நேராகக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்துவிடவில்லை. முதல் வருஷம் முழுக்கக் குழந்தை அழுகைதான். அப்புறம் பேய்ச் சிரிப்பு. அப்புறம் கதாநாயகியின் தோழி. இவை எதுவும் இல்லாத நாளில் கும்பல் குரல்.

கும்பல் குரல் என்றால், திரையில் ஊரே கூடி நிற்கும், இங்கே மைக்குக்கு முன்னால் நாங்கள் நாலைந்து பேர் நிற்போம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். நாங்கள் முணுமுணுவென்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் தமிழ் தெளிவாகக் கேட்டால் கதாநாயகன் வசனத்தில் குறுக்கிடும். டப்பிங்கைப் பார்த்துக்கொள்கிற சுருளி அண்ணன், "வாய் அசையணும், சத்தம் வரணும், அர்த்தம் வரக்கூடாது. எந்தப் பாஷையாச்சும் பேசித் தொலைங்க" என்பார். ஒருத்தர் மலையாளம் பேசுவார், ஒருத்தர் உருது பேசுவார். நான் நம் பேச்சு. எத்தனையோ தெலுங்குப் படத்துச் சந்தையிலும் கோர்ட்டிலும் இழவு வீட்டிலும் சௌராஷ்டிரம் பேசியிருக்கிறேன் அண்ணா. ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை. இந்தத் தடவை மேளத்தைக் குறைத்து எங்களை ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. மதுரையில் பாதித் தியேட்டர் நம்மவர்கள் என்பது சவுண்ட் இன்ஜினியருக்கு எப்படித் தெரியும்?

அந்த சீனில் மணப்பெண்ணின் அண்ணனாக ஒருத்தர் நின்றார். பாவம், துணை நடிகர். காமிராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், அவர் திருட்டுத்தனமாகக் காமிராவையே பார்த்துப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார். துண்டு ஓட ஓட எனக்கு அந்த மூஞ்சிதான் கண்ணில் பட்டது. இவன் ஏன் இப்படி முழிக்கிறான் என்று நினைத்தேன், வாயில் வந்ததைப் பேசினேன். அவ்வளவுதான் விஷயம்.

சம்பந்தி வீட்டார் தப்பாக நினைத்துவிட்டார்களா? அப்படியானால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டுங்கள், சிரித்துவிடுவார்கள். ரம்யா என் குரலைக் கண்டுபிடித்தாள் என்று படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் ஊராக என் குரல் போகிறது, இது ராதாமணி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அவள் கல்யாணத்துக்கு நான் எப்போது கிளம்பி வரட்டும்? பத்திரிகையில் என் பெயரை எங்கே போட்டிருக்கிறீர்கள்?

உங்கள் தங்கை,
ராதாமணி


சிம்மக்கல், மதுரை
20.6.1997

ராதாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. கதை நன்றாக இருக்கிறது. ரேடியோவில் பேசிப் பழகியவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நான் சாயம் விற்கிறவன். அசல் சாயம் எது, ஒரு தண்ணீரில் போகிற சாயம் எது என்று பார்த்தே சொல்லிவிடுவேன். நீ எழுதியதில் பாதி உண்மைதான், சந்தை சீனில் நின்று சௌராஷ்டிரம் பேசியிருப்பாய். சந்தையில் கத்திரிக்காய் விலையைத்தானே பேசியிருப்பாய்? கோர்ட்டில் கோர்ட்டுக்குத் தகுந்ததைத்தானே பேசியிருப்பாய்? கல்யாண வீட்டில் பேச எவ்வளவு இருக்கிறது! ரசத்தில் உப்பு இல்லை என்று பேசலாம், பெண்ணின் புடவை நிறம் சரியில்லை என்று பேசலாம். உனக்கு வாயில் வந்தது இதுதானா? "ஏற்கெனவே ஒருத்தி" என்று வந்தது. சரி, படத்தில் அப்படி வரும், போகட்டும். "அண்ணனுக்குத் தெரியும்" என்பது எங்கிருந்து வந்தது? அதுவும் போதாதென்று "தெரிந்தேதான்" என்று ஓர் அழுத்தம் வேறு. துணை நடிகன் முழித்தானாம், இவள் பேசினாளாம். இதைச் சம்பந்தி வீட்டில் காட்டச் சொல்கிறாய். காட்டினால் அவர்கள் முதலில் கேட்பது நான் கேட்டதைத்தான்.

பங்குனியில் அந்தப் பால்பாண்டி சென்னைக்கு வந்திருந்தானாமே? ரேடியோவில் உன்னோடு சேர்ந்து விவசாய நிகழ்ச்சி நடத்தியவன். வந்தவன் உன்னைப் பார்க்காமலா போயிருப்பான்? இதை ஏன் உன் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை? அவனுக்குச் சொந்த ஊர் எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியும். உங்கள் இருவருக்கும் என்ன பேச்சு நடந்தது என்று எழுது.

உன் அண்ணி ஏதாவது எழுதினாளா? அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்.

பழைய கதையைக் கிளறுவதற்கு இது நேரமில்லை. யார் சொன்னார்கள் என்பதை நீ ஒளிக்காமல் எழுதும் வரை கல்யாணத்துக்கு வருவதைப் பற்றிப் பேச வேண்டாம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதில் உன் பெயர் இருப்பதும் இல்லாததும் உன் கையில்தான் இருக்கிறது.

ராமமூர்த்தி


சாலிகிராமம், சென்னை
28.6.1997

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அது தபாலில் வராமல் போனது நம் இருவருக்கும் நல்லது.

என்னைப் பத்திரிகையிலிருந்து எடுக்கலாம். எடுத்துப் பழகிய வீடுதானே? என்னைக் கட்டிய ராஜகுரு என்னை விட்டுவிட்டுப் பரமக்குடியில் ஒருத்தியோடு குடித்தனம் போனதும் நம் ஆட்கள் கூடிப் பேசினார்களே, அந்தக் கூடத்தில் நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "சாயங்காலம் ஆனா ரேடியோ ஸ்டேஷன். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றா. எந்த ஆம்பளை இருப்பான்? நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் உள்ளே நின்று தலையாட்டினேன், அண்ணா. அவ்வளவு நம்பினேன் உங்களை.

அப்போது நிலையத்தில் நிரந்தர வேலைக்கான குரல் தேர்வில் தேறியிருந்தேன். சேர வேண்டாம் என்றீர்கள், சேரவில்லை. ரேடியோவை விட்டால் அவர் திரும்பி வருவார் என்றீர்கள், விட்டேன். ஒரு வருஷம் ஆனையூர் வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தாரா?

சரி, அது உங்களுக்கும் எனக்கும் முடிந்த கதை என்றுதான் இருந்தேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நேற்று முன்தினம் கீழ்வீட்டுப் போனுக்குப் பால்பாண்டி கூப்பிட்டான். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன், என் தொழில் அதுதான்.

"யக்கா, உங்க அண்ணன் காளவாசல்ல வச்சு என் சட்டையப் புடிச்சுட்டாருக்கா. டீக்கடையில நிக்கேன், ஸ்கூட்டர நிறுத்திட்டு நேரா வந்தாரு. 'பரமக்குடியில நான் பேசுனத அவகிட்ட நீதானடா சொன்ன'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. 'அண்ணே, நீங்க பரமக்குடிக்கு வந்ததே எனக்குத் தெரியாதுண்ணே'ன்னேன். மனுசன் மூஞ்சி வெளிறிப்போச்சுக்கா. சட்டைய விட்டாரு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் என்னக்கா தப்புப் பண்ணேன்? பங்குனியில வந்தப்ப உங்கள வந்து பாக்கக்கூட நேரமில்ல. அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும்."

போனை வைத்த பிறகு நான் ராத்திரி வரைக்கும் யோசித்தேன். பால்பாண்டிக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம்தான். ராஜகுரு அங்கே இருப்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அதை ஒருத்தர் வந்து என்னிடம் கோள் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் "அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன், அவன் முகத்தில் முழிக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னவர் நீங்கள். ஒரு தடவை போய்க் கூப்பிட்டுப் பாருங்கள் என்று காலில் விழுந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னீர்கள்.

அப்படியென்றால் பரமக்குடிக்கு எப்போது போனீர்கள்? யாரிடம் பேசினீர்கள்? என்ன பேசினீர்கள்?

இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள். இனிமேல் கேட்பது என் முறை.

ராதாமணி


சிம்மக்கல், மதுரை
7.7.1997

ராதாமணிக்கு,

உன் தந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி "எப்போது போனீர்கள், யாரிடம் பேசினீர்கள்" என்று கேட்கிறாய். என் வாயிலிருந்து வர வேண்டும் என்று பார்க்கிறாய். பால்பாண்டி இல்லையென்றால் வேறு யாரோ. அந்தப் பரமக்குடிச் செல்லத்தாயே உனக்கு ஆள் விட்டுச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னால் கூடவும் சொல்லியிருப்பாள், குறைத்தும் சொல்லியிருப்பாள். அவள் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டு என்னைக் கெட்டவனாக்கி வைப்பதற்கு முன் நடந்ததை நானே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். இதை நீ நம்ப வேண்டும். நூல் வியாபாரத்தில் பழக்கமான ஒருவர் கடைக்கு வந்து, "ராஜகுருவுக்குப் பரமக்குடியில ஒரு வீடு இருக்கே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். மறுநாளே பஸ் ஏறினேன். நான் போகாமல் இருந்தேனா? எந்த அண்ணன் போவான்?

செல்லத்தாய்தான் கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "அவுகளுக்கு வீட்டுல பொண்ணு பாத்தது எனக்குத் தெரியும். கட்டிக்கிட்டு போகட்டும். ஆனா இங்க வாரத நிறுத்த மாட்டாக. இப்பவே சொல்லிட்டேன், பொறவு என்னையக் குத்தம் சொல்லாதீக" என்றாள். இவ்வளவுதான் பேச்சு. இதற்கு மேல் அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அது பொய்.

நான் அங்கிருந்து நேராக ராஜகுருவின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அவர் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வயதான மனிதர் அழுதார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? நம் அப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டபம் பேசியாகிவிட்டது. பத்திரிகை வெளியூருக்கெல்லாம் போய்விட்டது. கல்யாணம் நின்ற பெண் என்றால் உன்னை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? உன் நல்லதுக்குத்தான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நாள் அவனும் ஒழுங்காகத்தான் இருந்தான்.

நீ ரேடியோவுக்குப் போனதும் ஒரு காரணம்தான், அதை நான் இப்போதும் சொல்வேன். வீட்டில் இருந்திருந்தால் அவன் மனம் மாறியிருக்கலாம். இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா?

நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இதை யாரிடம் எல்லாம் சொன்னாய்? சினிமாவில் சொல்லி என் மானத்தை வாங்கியது போதும். ரம்யா காதுக்கு இது போகக் கூடாது. உன் அண்ணிக்கும் தெரியாது. அவளிடம் கூட நான் இதுவரை சொன்னதில்லை.

ராமமூர்த்தி


சாலிகிராமம், சென்னை
14.7.1997

அண்ணனுக்கு,

எனக்குத் தெரியாது.

இதை உங்களை நம்ப வைக்க என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் எழுதிய ஒன்றுமே எனக்குத் தெரியாது. பால்பாண்டி சொல்லவில்லை. அண்ணி சொல்லவில்லை. அந்தப் பெண் பெயர் செல்லத்தாய் என்பதே உங்கள் கடிதத்தில்தான் தெரியும், ஊரில் யாரும் என் முன்னால் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் இருந்தாள் என்பது தெரியாது. நீங்கள் அவள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது தெரியாது. சினிமாவில் ஒரு துணை நடிகர் முழித்தார், நான் வாயில் வந்ததைப் பேசினேன். முதல் கடிதத்தில் எழுதியது அத்தனையும் உண்மை. நீங்கள் சிரித்துவிட்டுப் போயிருந்தால் நானும் சாகும்வரை தெரியாமலேயே இருந்திருப்பேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு முதல் முதலாகக் கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் வேலை. ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்தது. புருஷன் விட்டுவிட்டுப் போகிற சீன். "இன்னும் நல்லா அழுங்கம்மா" என்கிறார் சுருளி அண்ணன். எனக்கு அழுகை வரவில்லை. துண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பெண் திரையில் விம்மி விம்மி அழுகிறாள், நான் மைக்குக்கு முன்னால் கல்லு மாதிரி நிற்கிறேன். கடைசியில் வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் போய் முடித்துக் கொடுத்தேன். கைதட்டினார்கள். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அழுதேன்.

நான் எதையெல்லாம் நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன் தெரியுமா? நிகழ்ச்சி முடிந்ததும் கேன்டீனில் நின்று ஒரு டீ குடிப்பேன். அந்த டீயைக் குடிக்காமல் ஓடி வந்திருந்தால் ஒரு பஸ் முன்னால் பிடித்திருக்கலாமே, அவர் போயிருக்க மாட்டாரே என்று. பால்பாண்டியும் நானும் மைக்கில் அண்ணன் தங்கச்சி மாதிரி கேலி பேசிக்கொள்வோம், அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று. என் குரலே எனக்கு ஆகாமல் போயிற்று. ஒரு வருஷம் வீட்டில் கூட மெல்லத்தான் பேசினேன். அத்தனை நாளும் நீங்கள் அதே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "உன் மேல் தப்பில்லை ராதா" என்று சொல்லத் தோன்றவில்லையா உங்களுக்கு?

கல்யாணத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டதைக் கூட நான் மன்னித்துவிடுவேன். அப்பா இல்லை, நீங்களும் சின்ன வயசு, பயந்துவிட்டீர்கள். ஆனால் ஆட்கள் கூடிய கூடத்தில் ரேடியோ மேல் பழியைப் போட்டீர்களே, அப்போது பயம் இல்லையே. அப்போது தெரிந்தேதான் பேசினீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமாக இருக்கிறது அண்ணா. இவ்வளவு கோபம் எனக்கு ராஜகுரு மேல் கூட வந்ததில்லை.

நான் கல்யாணத்துக்கு வருவதும் வராததும் இருக்கட்டும். வேறொன்று என் மனதை அரிக்கிறது. தியேட்டரில் அந்தப் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை, அதன் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. சம்பந்தியம்மாளும் சிரிக்காமல் ஏன் உங்கள் பக்கம் திரும்பினார்? எனக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, அதனால் எல்லாவற்றையும் சந்தேகமாகவே பார்க்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

ரம்யாவின் மாப்பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? திருப்பூருக்குப் போனீர்களா? யாரிடம் விசாரித்தீர்கள்? என்ன சொன்னார்கள்? எனக்கு எழுத வேண்டாம், என்னிடம் சத்தியமும் செய்ய வேண்டாம். ரம்யாவை உட்கார வைத்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் வந்து அவளிடம் கேட்பேன். தமிழில் கேட்க மாட்டேன், நம் பேச்சிலேயே வீட்டு நடுவில் நின்று கேட்பேன். எனக்கு மைக் வேண்டியதில்லை.

ராதாமணி


ஆனையூர், மதுரை
25.7.1997

ராதாவுக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். கடைக்குப் போய் நாலு நாளாகிறது.

உன் கடிதம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். நீ இந்தத் தடவை வீட்டு விலாசத்துக்கு எழுதிவிட்டாய், தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உன் அண்ணி பிரித்துப் படித்துவிட்டாள். யார் உன்னைப் பிரிக்கச் சொன்னது என்று கத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ராதா விஷயம் இருக்கட்டும். ரம்யா மாப்பிள்ளையைப் பத்தி நீங்க திருப்பூர்ல யார்கிட்ட விசாரிச்சீங்க?" ரம்யா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன்.

மாசியில் நான் திருப்பூருக்குப் போனேன். விசாரித்துவிட்டேன், தங்கமான பையன் என்று வீட்டில் வந்து சொன்னேன். உண்மையில் பஸ் ஸ்டாண்டை விட்டு நான் வெளியே போகவில்லை, ராதா. மாப்பிள்ளை தங்கியிருக்கிற விலாசம் சட்டைப்பையில் இருந்தது. ஆட்டோக்காரன் கூப்பிட்டான். நான் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த மதுரை பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் எனக்கு எதுவும் தெரியாது, தெரியாவிட்டால் மறைக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். பையன் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. நல்லவனாகவும் இருக்கலாம்.

இதை இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். பரமக்குடி போனதையும் சொன்னேன். ரம்யா என்னோடு பேசுவதில்லை. உன் மேல் தப்பில்லை என்று, கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் எதற்கு இப்போது என்கிறார்கள்.

ஆவணி முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டில் காரணம் கேட்டார்கள். என் தங்கை வர வேண்டும் என்றேன். அவர்களுக்கு மனத்தாங்கல்தான். கல்யாணமே நின்றாலும் நின்றுவிடும்.

நீ வா. ரம்யா உன்னோடு திருப்பூருக்கு வருகிறேன் என்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் போய் விசாரித்து வாருங்கள். நீ சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். என்னைக் கூப்பிடாதே. அந்த ஊரிலும் ஒருத்தி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்து நான் என்ன சொல்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

ராமமூர்த்தி